ஏசிஎம் ரிசர்ச்: பத்து மடங்கு பிஇ நிஜமாவே மலிவா, இல்ல மலிவு மாதிரி தெரியுதா?

#1 எண்பார்வை

இன்னொரு இழையில "சிப் மெஷின் செய்யற கம்பெனிகள்ல ரொம்ப சீப்பா கிடைக்கிறது எது"ன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். ஸ்க்ரீனர்ல (பங்குகளை எண் வெச்சு வடிகட்டற தளம்) போட்டா முதல்ல வந்து நிக்கிற பேர்கள்ல ஒண்ணு ஏசிஎம் ரிசர்ச். கலிபோர்னியா ஃப்ரீமாண்ட்ல தலைமையகம், நாஸ்டாக்ல லிஸ்டிங். வேஃபரை, அதாவது சிப் செய்யற சிலிக்கான் தட்டை, கழுவுற மெஷின்தான் பிரதானம். கூடவே காப்பர் பிளேட்டிங், ஃபர்னஸ்னு மத்த சாமான்களும் உண்டு.

இன்னைக்கு விலையை வெச்சுப் பேசினா நாளைக்கே இழை பழசாயிடும். அதனால ஒரு தேதியை உறைய வெச்சுப் பேசலாம். 2024 டிசம்பர் கடைசி நாள் விலை, 2024 முழு வருஷ லாபம். ஒப்பிட சிப் மெஷின் செய்யற மூணு பெரிய அமெரிக்கக் கம்பெனிகள். எல்லாம் டாலர்ல:

ஏசிஎம்: விலை 15, பங்குக்கு லாபம் 1.53. பிஇ, அதாவது விலையை லாபத்தால வகுத்தது, 10.
அப்ளைடு மெட்டீரியல்ஸ்: விலை 163, லாபம் 8.61 (அக்டோபர்ல முடியற நிதியாண்டு). பிஇ 19.
லாம் ரிசர்ச்: விலை 72, 2024-ன் நாலு காலாண்டையும் கூட்டினா 3.29. பிஇ 22.
கேஎல்ஏ: விலை 630. இதே மாதிரி கூட்டினா பிஇ 26-க்கு மேல.

வளர்ச்சியைப் பாருங்க. ஏசிஎம் விற்பனை 2023-ல 558 மில்லியன், 2024-ல 782 மில்லியன். 40 சதவீதம் ஏறியிருக்கு. அப்ளைடு அதே சமயத்துல 26.5 பில்லியன்லேர்ந்து 27.2 பில்லியனுக்கு நகர்ந்திருக்கு. மொத்த லாப விகிதமும் (விற்பனையில தயாரிப்புச் செலவு போக மிஞ்சறது) மோசமில்ல. ஏசிஎம் 50 சதவீதம், லாம் 47, அப்ளைடு 47-48.

வேகமா வளர்றவன் பாதி விலைக்குக் கிடைக்கிறான். இது சந்தை பாக்காம விட்டதா, பாத்துட்டுத்தான் விட்டதா? இதான் கேள்வி. எனக்கு ஒரு கருத்து இருக்கு, இப்போதைக்குச் சொல்லல.

#2 சில்லறைக்காரன்

இதுல யோசிக்க என்னண்ணே இருக்கு? பத்து பிஇ, நாப்பது வளர்ச்சி. பிஇ-யை வளர்ச்சியால வகுத்தா, அதாவது பிஇஜி, 0.25! லாமுக்குக் கிடைக்கிற 22 மடங்கு இதுக்கும் கிடைச்சா விலை 33. அப்ளைடோட 19 கிடைச்சாலும் 29. எப்படிப் பாத்தாலும் டபுள்.

#3 பெரியகுளத்தான்

எண்பார்வை சார், டிசம்பர் 31-ஐ எடுத்தீங்க, சரி. அதே டிசம்பர் 2-ஆம் தேதி என்ன நடந்துச்சுன்னு ஒரு வரி கூட இல்லியே. அமெரிக்க வர்த்தகத் துறை இவங்களோட ஷாங்காய் கம்பெனியை என்டிட்டி லிஸ்ட்ல, அதாவது லைசென்ஸ் இல்லாம அமெரிக்கப் பொருள் விக்கக் கூடாதவங்க பட்டியல்ல, போட்டுச்சு. அமெரிக்கக் கம்பெனியோட துணை நிறுவனத்தையே அமெரிக்க அரசாங்கம் கறுப்புப் பட்டியல்ல வைக்குது. இந்தக் கூத்தை நான் வேற எங்கயும் பாத்ததில்ல.

தம்பி சில்லறை, "லாமுக்குக் கிடைக்கிறது இதுக்கும் கிடைச்சா"ங்கிறதுல அந்த "கிடைச்சா"தான் முழுக் கதையும். ஏன் கிடைக்கணும்னு சொல்லு, அப்புறம் 33-ஐப் பேசலாம்.

#4 எண்பார்வை

வேணும்னுதான் விட்டேன், யாராவது எடுத்துப் போடுவீங்கன்னு 🙂

புதுசா வர்றவங்களுக்காகப் பின்னணி. 1998-ல டேவிட் வாங் கலிபோர்னியாவுல ஆரம்பிச்ச கம்பெனி. அப்புறம் வேலை மொத்தமும் ஷாங்காய்க்குப் போயிடுச்சு. நாஸ்டாக் ஐபிஓ 2017 நவம்பர்ல, 5.60 டாலருக்கு. 2022-ல ஒரு பங்கை மூணாப் பிரிச்சாங்க, பழைய சார்ட் பாக்கறவங்க அதைக் கணக்குல வெச்சுக்குங்க. 2021 நவம்பர்ல ஷாங்காய் துணை நிறுவனத்தைத் தனியா அங்கத்து ஸ்டார் சந்தையில, பங்கு 85 யுவான்னு லிஸ்ட் பண்ணாங்க. தாய்க் கம்பெனிக்கு அதுல சுமார் 82 சதவீதம் மிஞ்சுச்சு. விற்பனையில கிட்டத்தட்ட எல்லாமே சீனாவுலதான். எஸ்எம்ஐசி, ஹுவா ஹோங், யாங்ட்ஸி மெமரி மாதிரி சீன சிப் கம்பெனிகள்தான் வாடிக்கையாளர்கள்.

அதாவது நாஸ்டாக்ல நீங்க வாங்கறது மெஷின் செய்யற கம்பெனியை இல்ல. மெஷின் செய்யற கம்பெனியில 82 சதவீதம் வெச்சிருக்கற கம்பெனியை.

#5 தணிக்கை_தேவி

எண்பார்வை சொன்ன கடைசி வரியிலிருந்தே தொடங்குகிறேன். ஸ்க்ரீனர்கள் சறுக்கும் இடம் அதுதான்.

ஷாங்காய் கம்பெனியின் பங்கு 2024 கடைசியில் சுமார் 100 யுவான். மொத்தப் பங்குகள் கிட்டத்தட்ட 43.8 கோடி. சந்தை மதிப்பு 43.8 பில்லியன் யுவான், அதாவது சுமார் 6 பில்லியன் டாலர். அந்த ஆண்டு லாபம் 1.15 பில்லியன் யுவான், பிஇ 38. அதே நாளில் சீனாவின் மற்ற சிப் மெஷின் கம்பெனிகளான நௌரா சுமார் 37, ஏமெக் 70-க்கு மேல். ஆக ஷாங்காய் சந்தை இதைத் தன் ஊர்ச் சகாக்களோடு சேர்த்துத்தான் மதிப்பிடுகிறது. அங்கே இது மலிவு இல்லை.

இப்போது தாய்க் கம்பெனி. ஏ, பி இரண்டு வகுப்பும் சேர்த்து சுமார் 6.3 கோடிப் பங்குகள். பங்கு 15 டாலர் என்றால் ஒரு பில்லியனுக்குச் சற்றுக் கீழே.

ஷாங்காயில் வெளியார் கையில் இருக்கும் 18 சதவீதத்தின் மதிப்பு சுமார் 1.1 பில்லியன் டாலர். நாஸ்டாக்கில் மீதி 82 சதவீதத்தையும் கையில் வைத்திருக்கும் கம்பெனியின் மொத்த மதிப்பு 0.95 பில்லியன். சிறுபான்மையின் துண்டு பெரும்பான்மையின் துண்டைவிட விலை அதிகம்!

இதனால் இவி/எபிட்டா, இவி/விற்பனை எல்லாமே கெட்டுப் போகின்றன. (இவி: சந்தை மதிப்போடு கடனையும் சிறுபான்மைப் பங்கையும் கூட்டி ரொக்கத்தைக் கழித்தது. எபிட்டா: வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் லாபம்.) பெரும்பாலான தளங்கள் இவி கணக்கில் சிறுபான்மைப் பங்கைப் புத்தக மதிப்பில் கூட்டுகின்றன. விற்பனையும் எபிட்டாவும் 100 சதவீதம் உள்ளே வருகிறது, ஆனால் அந்த 18 சதவீதத்துக்குச் சந்தை கொடுக்கும் விலை வருவதில்லை. பெரிய இவி/விற்பனை இடைவெளியைக் காட்டி "பாருங்கள் மலிவு" என்று யாராவது எழுதினால், முதலில் அந்த ஒரு வரியைச் சந்தை விலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

கேஎல்ஏ 26 பற்றியும் ஒரு சொல். 2024 டிசம்பர் காலாண்டில் அவர்கள் குட்வில் (வாங்கிய கம்பெனிகளுக்குச் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை) மதிப்பைக் குறைத்து எழுதினார்கள், அதனால் லாபம் குறைந்து பிஇ ஏறித் தெரிகிறது. அதைச் சரிசெய்தால் பிஇ 24-25 பக்கம் இறங்கும். சின்ன விஷயம்தான், ஆனால் ஒப்பீடு என்று வந்தபின் எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும்.

#6 சில்லறைக்காரன்

ஒரு நிமிஷம் அக்கா. 6 பில்லியன்ல 82 சதவீதம் 4.9 பில்லியன். அதை 0.95-க்குத் தர்றாங்க. ஒரு டாலர் சொத்து இருபது சென்ட்டுக்கு! பெரியகுளத்து ஐயா கேட்ட "ஏன் கிடைக்கணும்"-க்கு இதுதான் பதில். லாமை விடுங்க, அது தன் சொந்தக் குழந்தையோட விலையையே எட்டல.

#7 பெரியகுளத்தான்

அந்தக் குழந்தையை வித்துக் காசாக்கி உன் கைக்குக் கொண்டு வந்து கொடுக்க வழி சொல்லு தம்பி. நானும் ரெண்டு லாட் வாங்கறேன்.

#8 எண்பார்வை

இப்ப என் கருத்தைச் சொல்றேன், கொஞ்சம் நீளம்.

அஞ்சு மடங்கு இடைவெளி. இதை ஒரே துண்டாப் பாத்தா பைத்தியக்காரத்தனமாத் தெரியும். ரெண்டு துண்டாப் பிரிச்சுப் பாருங்க.

முதல் துண்டு: ஷாங்காய் சந்தையோட விலையே தனி. சீனாவுக்குள்ள இருக்கற சேமிப்பு வெளியே போறதுக்கு வழி குறைவு. உள்நாட்டு சிப் கம்பெனிங்கன்னா அங்க ஒரு தேசியப் பாசம் வேற. இதை அளக்க நல்ல சாட்சி எஸ்எம்ஐசி. ஹாங்காங்லயும் ஷாங்காய் ஸ்டார் சந்தையிலயும் ஒரே கம்பெனி. லாபத்துல ஒரே உரிமை. 2024 கடைசியில ஹாங்காங்ல சுமார் 32 ஹாங்காங் டாலர், அதாவது 30 யுவான். ஷாங்காய்ல 95 யுவான் அளவுல. மூணு மடங்குக்கு மேல! நடுவுல தாய்க் கம்பெனியும் இல்ல, 82 சதவீதமும் இல்ல. ஒரே பங்கு, ரெண்டு சந்தை, அவ்வளவுதான். ஹுவா ஹோங்குக்கும் அதே மாதிரி, ஆனா ரெண்டே கால் மடங்கு.

ஆக ஏசிஎம்-மோட அஞ்சு மடங்குல எஸ்எம்ஐசி அளவுகோலை வெச்சா மூணு மடங்கு சந்தை வித்தியாசம். மிச்சம் 1.6 மடங்கு. அதாவது 38 சதவீதத் தள்ளுபடி. ஹுவா ஹோங்கை வெச்சா மிச்சம் 2.2 மடங்கு, 55 சதவீதத் தள்ளுபடி.

இந்த 38-லேர்ந்து 55-தான் ரெண்டாவது துண்டு. ஹோல்டிங் கம்பெனி தள்ளுபடி, அதாவது வேற கம்பெனியோட பங்கை வெச்சிருக்கற கம்பெனிக்கு, அந்தப் பங்கோட விலையை விடக் குறைவாச் சந்தை கொடுக்கறது. பஜாஜ் ஹோல்டிங்ஸை வருஷக்கணக்காப் பாத்தவங்களுக்கு இந்த மாதிரி எண் புதுசில்ல. ஹோல்டிங் கம்பெனி பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு யாரும் ராத்திரி தூங்காம இருக்கறதில்ல.

அதனால "ஒரு டாலர் இருபது சென்ட்டுக்கு"ங்கிறது சரியான வாசகம் இல்ல. ஷாங்காய்ல ஒரு டாலர்னு எழுதியிருக்கறதை வெளியுலகம் முப்பது நாப்பது சென்ட்டுனுதான் பாக்குது. அதுல நாம இருபது கொடுக்கறோம்.

#9 சில்லறைக்காரன்

முப்பத்தஞ்சை இருபதுக்கு வாங்கினாலும் லாபம்தானே அண்ணே.

#10 எண்பார்வை

ஆமா, அதைத்தான் நானும் சொல்ல வர்றேன். கொஞ்சம் மலிவு. "கொஞ்சம்"னு எழுதறதுக்கும் "ஐந்தில் ஒரு பங்கு"ன்னு எழுதறதுக்கும் நடுவுலதான் ஒருத்தர் போர்ட்ஃபோலியோவுல 2 சதவீதம் போடறதா 20 சதவீதம் போடறதாங்கிற முடிவு இருக்கு.

#11 வேஃபர்வாசு

சிங்கப்பூர்ல ஒரு ஃபேப்ல (சிப் தொழிற்சாலை), வேஃபர் கழுவற வெட் கிளீன் பிரிவுல இருக்கேன். பங்கு விஷயத்துல நான் எல்கேஜி. ஆனா "சகாக்கள்"ங்கற பட்டியலே எனக்கு உறுத்துது, அதான் எழுதறேன்.

லாம் முக்கியமா எட்ச் (செதுக்கறது), டெபாசிஷன் (படலம் படிய வைக்கறது). கேஎல்ஏ அளவெடுக்கற, குறை கண்டுபிடிக்கற மெஷின். அப்ளைடு ஏறக்குறைய எல்லாமும். வேஃபர் கழுவறதுல பெரிய ஆள் ஜப்பான் கியோட்டோவுல இருக்கற ஸ்க்ரீன். கூடவே டோக்கியோ எலக்ட்ரான், லாம், சாம்சங் பக்கத்துல செமெஸ். தொழில்ல ஏசிஎம்-மோட நேர் எதிராளி ஸ்க்ரீன்தான். கேஎல்ஏ-வோட ஒப்பிட்டா அது வேற தொழில். அவங்களுக்கு 60 சதவீத மொத்த லாபம் வருதுன்னா அந்தச் சந்தையில பாதிக்கு மேல அவங்க கையில. கழுவற மெஷின்ல அந்த மாதிரி ஏகபோகம் யாருக்கும் இல்ல.

கழுவறதுன்னதும் லேசா நினைக்காதீங்க. சிப் செய்யறதுல மத்த எந்த வேலையையும் விட அதிக தடவை வர்ற வேலை இது. ஒவ்வொரு எட்ச்சுக்கும் டெபாசிஷனுக்கும் முன்னாடி, பின்னாடி. வேஃபரைத் தட்டுல வெச்சுச் சுத்துவோம், அம்மோனியாவும் பெராக்சைடும் கலந்த திரவம் மேல விழும், ஒலி அலை அனுப்பற மெகாசோனிக் தலை வேஃபருக்கு மேல ஒட்டின மாதிரி நிக்கும். அந்த இடைவெளிதான் பிரச்சினை. வேஃபர் லேசா வளைஞ்சிருந்தா சுத்தும்போது இடைவெளி மாறும், ஒரு இடத்துல அலை பலமா விழும், பக்கத்துல விழாது. பலமா விழுந்தா மெல்லிசா நிக்கற கோடுகள் சாஞ்சுடும். விழாத இடத்துல அழுக்கு நிக்கும். ஏசிஎம்-மோட சாப்ஸ் தொழில்நுட்பம் இந்த இடைவெளியைச் சுத்தறப்பவே மாத்தி மாத்தி எல்லா இடத்துக்கும் சராசரியா ஒரே சக்தி போற மாதிரி செய்யுது. நல்ல யோசனை. எஸ்கே ஹைனிக்ஸ் ஆரம்பத்துலயே எடுத்துப் பாத்தாங்கன்னா சும்மா இல்ல.

இதுக்கும் உங்க கணக்குக்கும் தொடர்பு எங்கன்னா: புது வாடிக்கையாளருக்குப் போற முதல் மெஷினை ஃபேப்காரன் உடனே ஏத்துக்க மாட்டான். வெறும் வேஃபரை உள்ள விடுவோம், முன்னாடி எத்தனை துகள், பின்னாடி எத்தனை துகள்னு எண்ணுவோம். தினமும். அப்புறம் அசல் லாட்ல கொஞ்சம், நல்ல சிப் எத்தனை தேறுச்சுங்கற யீல்டு எண் வந்த பிறகு இன்னும் கொஞ்சம். மாசக்கணக்குல இழுக்கும். அதுவரைக்கும் மெஷின் எங்க தரையில நிக்கும், கணக்குல அவங்க சரக்கா நிக்கும். வருமானம்னு எழுத முடியாது.

#12 தணிக்கை_தேவி

நன்றி வாசு. இது இல்லாமல் என் பாதிக் கணக்கு புரியாது.

ஏசிஎம் "அனுப்பியது", "வருமானம்" என்று இரண்டு எண்களை வெளியிடுகிறது. 2024-ல் அனுப்பியது 973 மில்லியன் டாலர், வருமானம் 782 மில்லியன். 2023-ல் 597-க்கு 558. இடைவெளி 39-லிருந்து 191-க்குப் பெருத்திருக்கிறது. வாசு சொன்ன மெஷின்கள்தான் அதில் ஒரு பகுதி. ஏற்கப்பட்டால் அடுத்த ஆண்டு வருமானம். ஏற்கப்படாவிட்டால் திரும்பி வரும் இரும்பு. நம்பிக்கையாளர் இதை வளர்ச்சி என்பார், சந்தேகக்காரர் வாடிக்கையாளருக்கு முன்கூட்டியே தள்ளிவிட்டது என்பார். ஒரு வருடத்து எண்ணை வைத்து எதையும் தீர்க்க முடியாது. இரண்டு மூன்று வருடம் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது லாபம். ஷாங்காயின் 1.15 பில்லியன் யுவான் சுமார் 158 மில்லியன் டாலர். அதில் 82 சதவீதம் 130 மில்லியன். ஆனால் தாய்க் கம்பெனி தன் பங்குதாரர்களுக்குக் காட்டியது 103.6 மில்லியன். நடுவில் 26 மில்லியன் எங்கே? இரண்டு நாட்டுக் கணக்கு முறை வித்தியாசம் கொஞ்சம். தாய்க் கம்பெனியின் சொந்தச் செலவு, ஊழியர்களுக்குக் கொடுக்கும் பங்கு ஊதியம் மீதி. அதாவது ஹோல்டிங் கம்பெனி சும்மா உட்கார்ந்து பங்கை வைத்திருக்கவில்லை, வருடா வருடம் கொஞ்சம் சாப்பிடுகிறது. அந்தச் சாப்பாட்டுக்கே ஒரு தள்ளுபடி நியாயம்.

"சரிசெய்த லாபம்" என்று அவர்கள் கொடுக்கும் எண் பங்குக்கு 2.26. அதை எடுத்தால் பிஇ 6.6 ஆகிவிடும். தயவுசெய்து எடுக்காதீர்கள். பங்கு ஊதியத்தைச் செலவில்லை என்று ஏசிஎம்-முக்கு மட்டும் கழித்துவிட்டு, லாமுக்குக் கழிக்காமல் ஒப்பிடும் பதிவுகளை நிறையப் பார்க்கிறேன்.

இயக்க லாபத்தையும் (ஆராய்ச்சி, நிர்வாகச் செலவும் போக மிஞ்சுவது) பாருங்கள். மொத்த லாபத்தில் லாமுக்கு மேலே நிற்கும் கம்பெனி, இயக்க லாபத்தில் 19 சதவீதம் அளவில்தான் நிற்கிறது. லாமும் அப்ளைடும் 29-ஐ ஒட்டி. அளவு சின்னது, புது மெஷின்களுக்கான ஆராய்ச்சிச் செலவு பெரியது.

#13 மட்டுறுத்துநர்

"எந்த ஆப்ல வாங்கலாம்", "வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினா வரி எவ்வளவு" என்ற நாலு மடல்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். அமெரிக்கப் பங்கு 60,000 டாலருக்கு மேல் வைத்திருப்பவர்கள் அங்கத்து எஸ்டேட் வரியையும் அங்கேயே படிக்கவும். இங்கே மதிப்பீடு மட்டும்.

#14 பெரியகுளத்தான்

லாபம் எங்கன்னு தேவி மேடம் கேட்டாச்சு. எனக்கு அந்த லாபம் எத்தனை நாள் நிக்கும்னு கேக்கணும்.

2024-ல உலகம் முழுக்க சிப் மெஷின் விற்பனை 117 பில்லியன் டாலர்னு இந்தத் தொழிலோட சங்கமான செமி அமைப்பு சொல்லுது. அதுல சீனா மட்டும் 49.6 பில்லியன். 42 சதவீதம்! முந்தின வருஷத்தை விட 35 சதவீதம் கூட. ஏன் இப்படி வாங்கினான்? அடுத்த தடை வர்றதுக்குள்ள வாங்கி அடுக்கிடணும்னுதான் பாதி. அப்ளைடுக்கே 2024 நிதியாண்டு முதல் காலாண்டுல 45 சதவீதம் சீனா, கடைசிக் காலாண்டுல 30-க்கு வந்துடுச்சு.

இந்தத் தொழில்ல பிஇ ரொம்பக் கம்மியாத் தெரியறது லாபம் உச்சத்துல இருக்கறப்பதான். லாம் 2023 நிதியாண்டுல 17.4 பில்லியன் வித்துச்சு, அடுத்த வருஷம் 14.9. மெமரி சிப் செய்யறவன் மெஷின் வாங்காமக் கையைக் கட்டிக்கிட்டான், முடிஞ்சுது. லாமுக்கே இந்த நிலைன்னா மொத்த விற்பனையும் ஒரே நாட்டை நம்பி இருக்கற கம்பெனிக்கு?

#15 சில்லறைக்காரன்

ஐயா, அதே வாதத்தைத் திருப்பிப் போடலாமே. அமெரிக்க மெஷின் கிடைக்காத சீன ஃபேப் யார்கிட்ட வாங்குவான்? உள்ளூர்க்காரன்கிட்டதான். அப்ளைடோட 45 முப்பதாக் குறைஞ்சதுல ஒரு பகுதி நௌராவுக்கும் ஏமெக்குக்கும் ஏசிஎம்-முக்கும் போயிருக்கும்ல? தடை வரவர இவங்களுக்கு நல்லதுதான்.

#16 வேஃபர்வாசு

தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, ஆனா முழு நியாயம் இல்ல. மெஷின் உள்ளூர்லதான் அசெம்பிள் ஆகுது. உள்ளே இருக்கற பம்ப், வால்வு, ஃப்ளோ கன்ட்ரோலர், சென்சார் இதெல்லாம்? என்டிட்டி லிஸ்ட்ல வந்துட்டா அமெரிக்கப் பாகங்களுக்கு லைசென்ஸ் கேக்கணும். ஜப்பான்லயும் சீனாவுலயும் மாத்துப் பாகம் கிடைக்கும், ஆனா ஒரு வால்வை மாத்தினாக்கூட ஃபேப்காரன் மறுபடியும் துகள் எண்ணச் சொல்வான். எங்க இடத்துல சப்ளையர் ஒரு ஓ-ரிங் மாத்தினதுக்கே மறுபடி முழு குவாலிஃபிகேஷன் கேட்டிருக்கோம்.

சீனாவுக்கு வெளியில இருக்கற ஃபேப் விஷயம் இன்னும் சிக்கல். பட்டியல்ல பேர் இருக்கற சப்ளையர்னா எங்க பர்ச்சேஸ், சட்டப் பிரிவு ரெண்டும் ஃபைலைத் தொடவே யோசிக்கும். மெஷின் நல்லதா கெட்டதாங்கிற பேச்சுக்கே போகாது. ஏசிஎம் 2024-ல ஓரிகான் ஹில்ஸ்பரோவுல கட்டடம் வாங்கினதை நான் இந்தக் கண்ணோட்டத்துலதான் பாக்கறேன். இன்டெல் பக்கத்துலயே இருக்கு. அந்த வழி திறந்தா கம்பெனியோட குணமே மாறும். திறக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல.

#17 எண்பார்வை

பெரியகுளத்தான் கேட்ட "கைக்குக் கொண்டு வர வழி"க்கு வருவோம். இடைவெளி மூடணும்னா பணம் ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் போகணும். எந்தெந்த வழி?

ஆர்பிட்ராஜ், அதாவது மலிவான சந்தையில வாங்கி விலை கூடின சந்தையில விக்கறது, முடியாது. நாஸ்டாக் பங்கை ஷாங்காய்ப் பங்கா மாத்திக்க வழி கிடையாது. அங்க ஷார்ட் அடிச்சு (கடன் வாங்கின பங்கை வித்து) இங்க வாங்கறதும் நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் கனவுதான்.

ஷாங்காய் ஈவுத்தொகை கொடுத்தா வரும். சீனாவை விட்டு வெளியே வர்றப்ப 10 சதவீத வரி போகும். வளர்ற கம்பெனி எவ்வளவு கொடுக்கும்னு நீங்களே பாத்துக்குங்க.

தாய்க் கம்பெனி தன் ஷாங்காய்ப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமா வித்துத் தன் நாஸ்டாக் பங்கைத் திரும்ப வாங்கலாம். காகிதத்துல அருமையான வழி, அஞ்சு மடங்கு விலைக்கு வித்து ஒரு மடங்கு விலைக்கு வாங்கறது. ஆனா அதுக்கு வரி, அங்கத்து விதிமுறை, நிறுவனரோட மனசு மூணும் ஒத்து வரணும். பி வகுப்புப் பங்குக்கு 20 ஓட்டு, ஏ வகுப்புக்கு ஒண்ணு. மொத்த ஓட்டுல பாதிக்கு மேல பி வகுப்புகிட்டதான். நம்ம விருப்பத்தை அங்க யாரும் கேக்கப் போறதில்ல.

நடந்தது என்னன்னா, 2025 செப்டம்பர்ல ஷாங்காய் கம்பெனி அங்கேயே புதுப் பங்கு வித்து 4.48 பில்லியன் யுவான் திரட்டுச்சு. தாய்க் கம்பெனி பங்கு 82-லேர்ந்து 75 சதவீதம் பக்கம் இறங்கிடுச்சு. அதிக விலைக்கு வித்ததால ஒரு விதத்துல நமக்கும் நல்லதுதான். ஆனா பணம் எங்க இருக்கு? ஷாங்காய்லதான். ஷாங்காய்ச் சுவருக்கு அந்தப் பக்கம்.

#18 தணிக்கை_தேவி

இதோடு சேர்த்து ஒன்று. 2024 கடைசியில் ஒருங்கிணைந்த கணக்கில் ரொக்கமும் டெபாசிட்டும் 440 மில்லியன் டாலருக்கு மேல். சந்தை மதிப்பு 950-லிருந்து அதைக் கழித்து "பிசினஸ் வெறும் 500 மில்லியனுக்குக் கிடைக்கிறது" என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த ரொக்கத்தில் பெரும்பகுதி ஷாங்காய் கம்பெனியுடையது. அதில் 18 சதவீதம் உங்களுடையதே இல்லை, மீதியும் மேலே எண்பார்வை சொன்ன சுவருக்கு அந்தப் பக்கம். கடனையும் கழிக்க மறந்துவிடுகிறார்கள்.

2022 மார்ச்சையும் நினைவில் வையுங்கள். தணிக்கை ஆவணங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் பார்க்க முடியாததால் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி வெளியிட்ட முதல் பட்டியலில் இருந்த ஐந்து கம்பெனிகளில் இதுவும் ஒன்று. அந்த ஆண்டு கடைசியில் சிக்கல் தீர்ந்தது. ஆனால் தலைமையகம் கலிபோர்னியாவில் இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு கம்பெனி அமெரிக்கக் கம்பெனியாக மதிப்பிடப்படாது என்பது அன்றைக்கே தெரிந்த சங்கதி.

#19 பங்காளி_பாலு

புதுசா வந்தேன். மேல எல்லாம் படிச்சேன். இவ்வளவு பேசறீங்க, 2025-ல அந்தப் பங்கு ரெண்டரை மடங்கு ஆயிடுச்சே! சில்லறைக்காரன் சொன்னதுதானே நடந்துச்சு?

#20 சில்லறைக்காரன்

நன்றி பாலு அண்ணே 😎

#21 எண்பார்வை

கேள்வி "விலை ஏறுமா"ங்கிறது இல்ல பாலு, "சகாக்களோட ஒப்பிட்டா மலிவா"ங்கிறது. அதே 2025-ல லாம் 72-லேர்ந்து எங்க போச்சுன்னு பாருங்க. அதுவும் ரெண்டே கால் மடங்குக்கு மேல. கேஎல்ஏ கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. ஏஐ காசு கொட்டினதுல துறையே மேல போச்சு. லாம் வாங்கி என்டிட்டி லிஸ்ட், பி வகுப்பு, ஷாங்காய் சுவர் எதைப் பத்தியும் கவலைப்படாம உட்கார்ந்திருந்தவருக்கும் ஏறக்குறைய அதே லாபம். மலிவா இருந்ததுக்காக ஏசிஎம் தனியாக் கொடுத்தது அந்தச் சின்ன மிச்சம் மட்டும்தான்.

ஒப்பீட்டு மலிவை வெச்சு வாங்கினவர், ஒப்பீட்டு லாபத்தைத்தான் கணக்குப் பாக்கணும்.

#22 பெரியகுளத்தான்

இதை ஃப்ரேம் போட்டு மாட்டலாம். மாட்ட மாட்டாங்க, ஏறினா எல்லாரும் மேதை.

இருந்தாலும் எண்பார்வை சாரே, ஒண்ணு விட்டுட்டீங்க. நீங்க 38 சதவீதத் தள்ளுபடி நியாயம்னு சொன்னது எஸ்எம்ஐசி-யை அளவுகோலா வெச்சு. எஸ்எம்ஐசி-யும் என்டிட்டி லிஸ்ட்ல இருக்கு, 2020 டிசம்பர்லேர்ந்து. அப்ப அந்த மூணு மடங்குலயே தடை பயம் ஒரு பங்கு கலந்திருக்கு. அதை மறுபடியும் ஹோல்டிங் தள்ளுபடியிலயும் சேர்த்தா ரெண்டு தடவை கழிச்ச மாதிரி ஆயிடாதா? நான் ஏசிஎம்-முக்கு வக்காலத்து வாங்கல, கணக்கு கணக்கா இருக்கணும்.

#23 எண்பார்வை

நல்ல கேள்வி. தடை பயம் மொத்தமும் முதல் துண்டுல வந்துடுச்சுன்னா ரெண்டாவது துண்டுல பங்கு ஊதியம், வரி, ஓட்டுரிமை மட்டும்தான் நிக்கணும். அதுக்கு 38 கொஞ்சம் அதிகமாப் படுது. 25-30 போதும்னு வெச்சா நியாய விலை 15-க்குப் பதில் 17-18 வரும். ஆனா ஒரு வித்தியாசம். எஸ்எம்ஐசி-யை ஹாங்காங்ல வாங்கறவர் தடைக்கு அஞ்சாதவர், அதுல ஒரு பகுதி சீனாவுலேர்ந்தே ஸ்டாக் கனெக்ட் (சீனச் சந்தைகளையும் ஹாங்காங்கையும் இணைக்கற வழி) மூலமா வர்ற காசு. நாஸ்டாக்ல ஏசிஎம் வாங்க வேண்டியது அமெரிக்க ஃபண்ட். பட்டியல்ல பேர் வந்ததும் அவங்ககிட்ட விதிமுறை பாக்கற கம்ப்ளையன்ஸ் ஆளே "வேண்டாம்"னுடுவார். வாங்கற கூட்டமே சுருங்கிடுச்சு. அதுக்கும் ஒரு விலை உண்டு.

#24 தணிக்கை_தேவி

கடைசி வாக்கியத்தோடு ஒத்துப்போகிறேன். அதனால் நான் பிஇ-யைப் பார்க்காமல் மூன்று வரிகளைத்தான் வருடா வருடம் பார்ப்பேன்: அனுப்பியதற்கும் வருமானத்துக்கும் உள்ள இடைவெளி, சீனாவுக்கு வெளியே விற்பனை, ஷாங்காயிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த பணம்.

#25 பெரியகுளத்தான்

மூணாவது எந்தப் பக்கத்துல இருக்கும் மேடம்? காலாண்டு முடிவு அறிக்கையில தேடித் தேடிக் கண்ணு போச்சு.

#26 தணிக்கை_தேவி

காலாண்டு செய்திக்குறிப்பில் இருக்காது சார். ஆண்டறிக்கை, அதாவது பத்து-கே (10-K). அதன் ஆரம்பத்திலேயே, சீனாவில் தொழில் நடத்தும் கம்பெனிகள் தனியாக எழுத வேண்டிய பகுதியில், தாய்க்கும் துணைக்கும் நடுவில் பணம் எந்தப் பக்கம் போனது என்று சொல்லியிருப்பார்கள். ஈவுத்தொகை என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள், நேராக அங்கே கொண்டுபோய் விடும்.